250 இசைத்தட்டில் தொடங்கிய கணக்கு

ஆர்ஹூலி ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் எல்.பி.யின் (நெடுநேரம் ஓடும் தட்டு) எண் எஃப்-1001. வந்தது 1960 நவம்பரில். அச்சானது 250 தட்டு. பாடியவர் மான்ஸ் லிப்ஸ்கம். டெக்சஸ் மாநிலத்து நவசோட்டா ஊர்க்காரர். வயது 65. வாழ்நாளில் பெரும்பகுதி அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குத்தகை விவசாயி. அதுவரை அவர் குரல் எந்த ரெக்கார்டிலும் ஏறியதில்லை. வெளியிட்டவர் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். 1947இல் ஜெர்மனியிலிருந்து அகதிக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் வாத்தியார். வெற்று அட்டை உறைகளை வாங்கி, முகப்புத் தாளைத் தனியாக அச்சடித்து, நண்பர்களைக் கூட்டி உட்கார்ந்து ஒவ்வோர் உறையாகப் பசை தடவி ஒட்டினார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டான ப்ளூஸை வெளியிடும் லேபிள் (தட்டு நிறுவனம்) என்றதும் சிகாகோவின் செஸ் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். மடி வாட்டர்ஸும் ஹவ்லின் வுல்ஃபும் பாடிய இடம், அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு சின்ன லேபிள் எப்படிப் பிழைத்தது, பாடியவனுக்குப் பணம் எந்த வழியாகப் போனது, இவற்றைப் புரிந்துகொள்ள ஆர்ஹூலியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஹிட் பாட்டை நம்பாமல் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடிய கடை அது.

ஏன் 250 என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். டேப்பில் இருக்கும் ஒலியை முதலில் அரக்குப் பூசிய அலுமினியத் தட்டில் வெட்டுகிறார்கள். அந்தத் தட்டு மிக மென்மையானது, ஒரு தடவை ஊசி வைத்து ஓட்டினாலே ஒலி கெட ஆரம்பித்துவிடும். அதன்மேல் வெள்ளி தெளித்து நிக்கல் முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் பள்ளம் மேடாக மாறிய ஓர் உலோகத் தகடு கிடைக்கும். தொழிலில் இதை அப்பன் என்பார்கள். அதிலிருந்து எடுப்பது அம்மா. அம்மாவிலிருந்து எடுக்கிற அச்சுத் தகட்டைத்தான் பிரஸ்ஸில் மாட்டி வினைலை அழுத்துகிறார்கள். ஓர் அச்சு ஆயிரம் தட்டு அளவுக்குத் தாங்கும். அதற்குமேல் போனால் மேடுகள் தேய்ந்து சரசரப்புக் கூடும். அம்மா பத்திரமாக இருந்தால் புதிதாக இன்னோர் அச்சு எடுத்துக்கொள்ளலாம்.

இதில் வெட்டுக்கூலியும் முலாம் செலவும் 250 தட்டுக்கும் ஒன்றுதான், 1,000 தட்டுக்கும் ஒன்றுதான். ஆகவே 250 அடித்தால் ஒரு தட்டின் அடக்கவிலை எகிறும். அப்படியிருந்தும் ஏன் குறைவாக அடிக்க வேண்டும்? விற்காத தட்டு கையில் முடங்கும் பணம். போதாததற்கு வினைல் வெயிலுக்கு ஆகாது. தகரக் கூரைக் கொட்டகையில் படுக்கையாக அடுக்கி வைத்தால் ஒரு கோடைக்குள் வளைந்துவிடும். குறைவாக அடி, தீர்ந்தால் மறுபடி அடி, உலோகத் தகட்டை மட்டும் தொலைக்காதே என்பதுதான் வழி. பெரிய கம்பெனிகள் விற்பனை படுத்த தட்டைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். ஆர்ஹூலி கூடியவரை நீக்கவில்லை. ஆண்டுக்குச் சில நூறு போகும் தட்டுகூட இருபது ஆண்டு போய்க்கொண்டிருந்தால் போட்ட முதல் திரும்பிவிடும். பொறுமை வேண்டிய கணக்கு இது. இடைப்பட்ட காலத்தில் ஸ்ட்ராக்விட்ஸ் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 ரெக்கார்டுகளை வாங்கி விற்று அரிசி பருப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார்.

அவர் முதலில் தேடிப் போனது லிப்ஸ்கமை அல்ல, லைட்னின் ஹாப்கின்ஸை. 1959 கோடையில் ஹூஸ்டனில் ஒரு சிறிய பீர் கடையில் ஹாப்கின்ஸ் பாடியதைக் கேட்டார். அன்றைய பாடு, எதிரே உட்கார்ந்திருப்பவர், எது கண்ணில் பட்டாலும் அங்கேயே இட்டுக்கட்டிப் பாடுகிற ஆள் அவர். ஸ்டூடியோத் தட்டுகளில் அந்த இட்டுக்கட்டு வருவதில்லை. பாட்டு பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஹாப்கின்ஸ் ஊரில் இல்லை. ஹூஸ்டன்காரரான நாட்டார் பாடல் ஆய்வாளர் மேக் மெக்கார்மிக்கும் ஸ்ட்ராக்விட்ஸுமாகக் காரில் கிளம்பி, ஊர் ஊராக யார் நன்றாக கிட்டார் வாசிப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனதில் நவசோட்டாவில் லிப்ஸ்கம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து அவர் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். வயலில் வேலை செய்பவர்கள் நெட்டுயிர்த்துக் கூவும் கூவலுக்கு ஒரு பெயர் ஆர்ஹூலி. லேபிளுக்கு அதை வைக்கச் சொன்னவரும் மெக்கார்மிக்தான்.

வீட்டுக்குள் பதிவு செய்வதன் சிரமத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே மைக்கில் குரலையும் கிட்டாரையும் எடுக்கும்போது பின்னால் திருத்தவே முடியாது. மைக்கை ஒரு சாண் கீழே இறக்கினால் கிட்டார் ஏறிக் குரல் மங்கும். ஏற்றினால் கட்டைவிரல் தட்டும் தாளக் கம்பி காணாமல் போகும். லிப்ஸ்கம் போன்றவர்களின் வாசிப்பில் அந்தக் கட்டைவிரல்தான் மத்தளம், அதை விட்டால் பாட்டே போயிற்று. மரத்தளத்தில் காலைத் தட்டுவார்கள். அந்த அதிர்வு மைக் தாங்கி வழியாக ஏறி இடிபோல் விழும். தாங்கியின் அடியில் மடித்த கம்பளி போட வேண்டும், அதேசமயம் கால்தட்டு முழுக்க மறையவும் கூடாது. ஐஸ் பெட்டியின் உறுமல் தனிப் பிரச்சினை. பதிவின்போது அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் சரியாகும், பிறகு மாட்டிவிட மறக்காமல் இருந்தால் போதும்.

டேப்பின் நீளமும் பாட்டின் போக்கைத் தீர்மானிக்கும். 7 அங்குலச் சுருளில் 1,200 அடி நாடா. நொடிக்கு 7½ அங்குலம் ஓடினால் 32 நிமிடம் வரும். 15 அங்குலத்தில் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் 16 நிமிடத்தில் சுருள் தீர்ந்துவிடும். நல்ல பாட்டு எப்போதும் சுருள் தீரும் நேரத்தில்தான் வரும். 78 ரெக்கார்டுகளின் காலத்தில் மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தை ஒட்டி இடம் இருந்தது. அதற்குமேல் திணித்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலி அளவு குறையும். லிப்ஸ்கமின் முதல் தட்டில் 14 பாட்டு. ப்ளூஸ் மட்டும் அல்ல, கதைப்பாட்டு, ஆட்டப்பாட்டு எல்லாம் கலந்தது. ஊருக்கு எது வேண்டுமோ அதைப் பாடுகிற பாட்டுக்காரர் என்றுதான் அவர் தம்மைச் சொல்லிக்கொள்வார்.

அடுத்தடுத்த எண்களில் பிக் ஜோ வில்லியம்ஸ், ஃபோர்ட் வொர்த்தின் பிளாக் ஏஸ், லில் சன் ஜாக்சன் என்று வரிசையாக வந்தார்கள். ஹாப்கின்ஸும் வந்தார். வந்ததோடு நிற்காமல், தம் மனைவியின் உறவினர் ஒருவர் அக்கார்டியன் வாசிப்பதைக் கேட்க வருமாறு ஸ்ட்ராக்விட்ஸை அழைத்துப் போனார். அந்த உறவினர்தான் கிளிஃப்டன் ஷெனியே. லூசியானாவின் கறுப்பின பிரெஞ்சு மக்களின் ஸைடெகோ என்ற ஆட்ட இசையை மின்னல்போல் வாசிப்பவர். கூடவே அவர் அண்ணன் கிளீவ்லண்ட், தோளில் மாட்டிய நெளித்தகட்டை பாட்டில் திறப்பான்களால் உரசித் தாளம் போடுவார்.

இங்கே ஒரு பேரம் நடந்தது. வானொலியில் ஓடக்கூடிய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட வேண்டும் என்பது ஷெனியேயின் ஆசை. அம்மா வீட்டு பிரெஞ்சில் பாடுவதுதான் வேண்டும் என்பது ஸ்ட்ராக்விட்ஸின் பிடிவாதம். கடைசியில் தட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் இவருக்கு, மறுபக்கம் அவருக்கு. 1965இன் ‘லூசியானா ப்ளூஸ் அண்ட் ஸைடெகோ’ அப்படி வந்த தட்டு. இதில் யார் சொன்னது சரி என்று கேட்டால், இருவரும் பாதிப் பாதி சரி என்பேன். பிரெஞ்சுப் பாட்டுகள் லூசியானாவில் அவர் சொந்த மக்களிடம் நன்றாகப் போயின. ஸைடெகோ என்ற சொல்லையே உலகுக்குக் கொண்டுபோனதில் ஆர்ஹூலித் தட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தம் பாட்டு பழைய பாட்டு மட்டுமே அல்ல என்று ஷெனியே சொன்னதும் நியாயம். அவருடைய இரண்டு முகமும் ஒன்றாகக் கூடி நிற்பதைக் கேட்க வேண்டுமானால் ‘போகலூசா பூகி’ தட்டுக்குத்தான் போக வேண்டும். 1975இல் லூசியானாவிலேயே நல்ல ஸ்டூடியோவில் முழு பேண்டோடு பதிவானது.

இனி ராயல்டி, அதாவது விற்கும் தட்டுக்குத் தக்கபடி உரிமைக்காரருக்குச் சேரும் பங்கு. லேபிளின் உயிர்நாடி இங்கேதான் இருந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு தட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: மெட்டும் சொல்லும். இன்னொன்று அந்தப் பாட்டை இன்னார் பாடிய பதிவு. பதிவுக்கு 1972 பிப்ரவரிக்கு முன் மத்திய அரசுக் காப்புரிமையே கிடையாது. பாட்டுக்கு உண்டு. 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி யார் ஒரு பாட்டைத் தட்டில் போட்டாலும் ஒரு தட்டுக்கு, ஒரு பாட்டுக்கு, 2 சென்ட் கட்ட வேண்டும். 1977 முடியும்வரை அதே 2 சென்ட்தான். இதை வெளியீட்டு நிறுவனம் வாங்கி, வழக்கமாகப் பாதியை வைத்துக்கொண்டு பாதியைப் பாட்டு எழுதியவருக்குக் கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப்-1001இல் 14 பாட்டு, 250 தட்டு. அத்தனைக்கும் 2 சென்ட் கட்டினாலும் மொத்தம் 70 டாலர். இதை வைத்து யாரும் வீடு கட்ட முடியாது. ஆனால் அதில் ஒரு பாட்டை ஒரு ராக் குழு எடுத்துப் பாடி அந்தத் தட்டு பத்து லட்சம் விற்றால், அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் 20,000 டாலர். பாட்டு பாடகர் பெயரில் முறையாகப் பதிவாகியிருந்தால் அதில் பாதி அவர் கைக்கு வரும். பதிவாகாமல், உறையில் ‘மரபுப் பாடல்’ என்று அச்சாகியிருந்தால் ஒரு காசும் வராது. அந்த ஒரு சொல்லில் எத்தனையோ பேர் கூலி காணாமல் போயிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டுதான் ஸ்ட்ராக்விட்ஸ் ட்ரெடிஷன் மியூசிக் என்று ஒரு வெளியீட்டு நிறுவனமும் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பலன் மிசிசிப்பியின் ஃப்ரெட் மெக்டவல் விஷயத்தில் தெரிந்தது. அவரும் விவசாயிதான். ஸ்ட்ராக்விட்ஸ் 1964 தொடங்கி அவரைப் பதிவு செய்தார். அவர் பாடிய ‘யூ காட்டா மூவ்’ பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ எல்.பி.யில் போட்டார்கள். பணம் தானாக வந்து சேரவில்லை. இது யாருக்கும் சொந்தமில்லாத பழைய பக்திப்பாட்டு என்ற வாதத்தைத் தாண்ட வேண்டியிருந்தது, ரெவரென்ட் கேரி டேவிஸும் அதைப் பதிவு செய்திருந்தார். வழக்கறிஞர் வைத்துக் கேட்டு வாங்கிய காசோலையை மெக்டவல் கையில் கொடுக்க முடிந்தது. 1972 ஜூலையில் அவர் இறந்துபோனார். இன்று அந்தப் பாட்டுக்கு நேரே இருவர் பெயரும் இருக்கிறது. ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தால் அந்தப் பணத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

கே.சி. டக்ளஸின் ‘மெர்க்குரி ப்ளூஸ்’ கதை இன்னும் நீண்டது. மெர்க்குரி கார் வாங்கும் ஆசையைப் பாடுகிற பாட்டு. டக்ளஸ் 1975இல் இறந்தார். ஸ்டீவ் மில்லர், டேவிட் லிண்ட்லி என்று பலர் கை மாறி, 1990களில் ஆலன் ஜாக்சன் பாடி அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பட்டியலில் உச்சத்துக்கு அருகே போயிற்று. ஒரு பாட்டு எழுதி அரை நூற்றாண்டு கழித்துப் பணமாகும் என்றால், அதுவரை அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

லேபிளுக்கே சொந்த இடம் வந்தது ப்ளூஸ் அல்லாத ஒரு பாட்டால். 1965இல் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டும் நண்பர்களும் வியட்நாம் போருக்கு எதிரான ஒரு கேலிப்பாட்டை ஸ்ட்ராக்விட்ஸின் பெர்க்லி வீட்டுக் கூடத்தில் பதிவு செய்தார்கள். ஸ்ட்ராக்விட்ஸ் கூலி வாங்காமல், பாட்டின் வெளியீட்டு உரிமையில் பங்கு பெற்றுக்கொண்டார். 1969இல் அது உட்ஸ்டாக் மேடை ஏறியது. அடுத்த ஆண்டு படமும் தட்டும் வந்தன. அந்தப் பணத்தில்தான் எல் செரிட்டோ ஊரில் சான் பாப்லோ சாலையில் கட்டடம் வாங்கினார். 1976 முதல் டவுன் ஹோம் மியூசிக் கடையும் அங்கேதான். இதே பாட்டைப் பற்றி இன்னொரு வழக்கு இருக்கிறது. மெட்டு 1920களின் ‘மஸ்க்ரட் ராம்பிள்’ ஜாஸ் மெட்டிலிருந்து எடுத்தது என்று, அந்த மெட்டைப் போட்ட கிட் ஓரியின் மகள் 2001இல் வழக்குப் போட்டார். மெட்டு ஒன்றா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் தாமதம் என்று தள்ளிவிட்டது.

செஸ்ஸில் என்ன நடந்தது என்பதை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பாட்டுகளின் வெளியீட்டு உரிமை ஆர்க் மியூசிக் என்ற துணை நிறுவனத்திடம். 1970களில் மடி வாட்டர்ஸும் வில்லி டிக்சனும் தங்கள் பாட்டுகளுக்காக அதன்மேல் வழக்குப் போட்டுத்தான் சமரசத்துக்கு வர முடிந்தது. ஸ்ட்ராக்விட்ஸும் வெளியீட்டாளராகப் பங்கு எடுத்துக்கொண்டவர்தான், தானம் செய்தவர் அல்ல. வித்தியாசம், பாட்டுக்காரன் பங்கைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததில் இருக்கிறது.

விநியோகத்தில் சின்ன லேபிள் எப்போதும் தலைகீழாகத்தான் நிற்கும். மொத்த வியாபாரி தட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறேன் என்பார். உங்களிடம் அடுத்த ஹிட் இருந்தால்தான் பழைய பாக்கியை அடைப்பார். ஆர்ஹூலியிடம் ஹிட் ஏது? அதனால்தான் தபால் விற்பனையும் சொந்தக் கடையும். 1971இல் சிகாகோவில் புரூஸ் இக்லாவர் ஹவுண்ட் டாக் டெய்லரின் தட்டோடு தொடங்கிய அலிகேட்டர் லேபிள் வேறு வழி பிடித்தது. குழுவை ஊர் ஊராக மேடையேற்றி, வானொலி நிலையங்களுக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து விற்றது. அதுவும் நல்ல வழிதான், ஆனால் நவசோட்டா வயலைவிட்டு எளிதில் வெளியேற முடியாதவருக்குப் பொருந்தாது.

பழைய 78களை மறுபடி எல்.பி.யாக்கும் வேலையும் நடந்தது. ப்ளூஸ் கிளாசிக்ஸ், ஓல்ட் டைமி என்ற துணை லேபிள்கள் அதற்கே. மூலத்தகடு எதுவும் மிச்சமில்லாத பாட்டுகள், தேய்ந்த அரக்குத்தட்டுதான் ஒரே சாட்சி. அதிலிருந்து ஒலி எடுப்பது ஒரு கைவேலை. எல்.பி. ஊசியின் முனை ஆரம் 0.001 அங்குலம், 78க்கு 0.003. சின்ன ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் படிந்த அழுக்கில் உருண்டு இரைச்சல்தான் வரும். பழைய இரும்பு ஊசிகள் பள்ளச் சுவரில் ஒரே உயரத்தில் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ உட்காரும் அளவில் ஊசி தேர்ந்தால் தேயாத சுவர் கிடைக்கும், ஒலி திடீரென்று தெளியும். 78 என்று பெயரே தவிர, ஆரம்பகாலத் தட்டுகள் அந்த வேகத்தில்தான் பதிவாயின என்று நம்பக் கூடாது. வேகம் பிசகினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், பாடகரின் குரலும் வேறு ஆளுடையதுபோல் ஒலிக்கும். கிட்டாரின் சுருதியை வைத்துச் சரிபார்ப்பார்கள். அதுவும் முழு நிச்சயம் தராது, கிட்டாரைக் கீழே இறக்கிச் சுருதி சேர்ப்பவர்கள் நிறைய.

இந்தச் சேகரிப்பு வெறி மெக்சிகோ எல்லை இசையில் மலைபோல் குவிந்தது. லிடியா மெண்டோசா, நார்சிசோ மார்ட்டினெஸ் போன்றவர்களின் 78கள், எல்லையோரச் சிறு லேபிள்களின் தட்டுகள் எல்லாம் சேர்ந்து ஃப்ரொன்டெரா தொகுப்பு. மின்வடிவமாக்க லோஸ் டிக்ரெஸ் டெல் நோர்ட்டே குழுவின் அறக்கட்டளை 2000இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தது. ப்ளூஸ் லேபிள் என்று ஆரம்பித்தவர் செய்த மிகப் பெரிய காரியம் இதுவாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தாக்கம் என்றால் போனி ரெய்ட்டிடம் மெக்டவலின் ஸ்லைடு கிட்டாரைக் கேட்கலாம். ரை கூடர் 1976இல் ஃப்ளாக்கோ ஹிமெனெஸின் அக்கார்டியனைத் தம் தட்டில் சேர்த்துக்கொண்டார். ஹிமெனெஸுக்கு ஆர்ஹூலித் தட்டு ஒன்றுக்கே கிராமி விருதும் வந்தது.

2016இல் முழுப் பட்டியலையும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் லேபிளான ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வாங்கிக்கொண்டது. ஒரு தட்டையும் விற்பனையிலிருந்து எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1987இல் மோசஸ் ஆஷின் ஃபோக்வேஸ் லேபிளை ஏற்ற அதே நிறுவனம். ஸ்ட்ராக்விட்ஸ் 2023 மே மாதம் 91 வயதில் காலமானார்.

கேட்கத் தொடங்குபவர்கள் எஃப்-1001இல் ‘ஜாக் ஓ டயமண்ட்ஸ்’ பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். லிப்ஸ்கம் பேனாக்கத்தியைக் கம்பிமேல் சறுக்கி வாசிக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால், பாட்டுச் சொல்லை அவர் பாதியில் நிறுத்துவதையும் மிச்சத்தைக் கத்தி பாடி முடிப்பதையும் பிடிக்கலாம்.